நூல் சொன்ன தூரம்: ஏரியைச் சுற்றும் நடைக்கான திட்டம், இதுவரை

போன ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கரையை மட்டும் நடந்து முடித்தேன். வரைபடத்தின் மேல் நூல் வைத்து அளந்த தூரம் 15.4 கிலோமீட்டர். அடியை எண்ணி நடந்ததில் வந்தது 15.9. நடுவில் இருக்கும் அரைக் கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிட்டது. ஆறு மாதமாக மண்டையைக் குடைந்த கணக்கு ஒருவழியாகப் பிடிபட்டிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முயற்சி தோல்வி. போனில் வரைபடத்தைத் திறந்து கரையோரமாகப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போனேன். முழுச் சுற்று 27 கிலோமீட்டர் என்றது. நடந்த அன்று கடைசி ஐந்து கிலோமீட்டரை டார்ச் வெளிச்சத்தில் கடக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து ஜிபிஎஸ் பதிவைப் பார்த்தால் 34. அதையும் அப்படியே நம்ப முடியாது. நாம் உட்கார்ந்து ஓய்வெடுக்கும்போதும் புள்ளி அங்கும் இங்கும் தாவி, நடக்காத தூரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

மலையேற்றம் என்றால் இந்தப் பிழை இவ்வளவு வலிக்காது. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். ஏரிக்கரையில் ஏற்றம் கிட்டத்தட்ட பூஜ்யம். மிஞ்சுவது தூரம் ஒன்றுதான். அது தப்பினால் கிளம்பும் நேரம், தண்ணீர், வெளிச்சம் எல்லாமே தப்பும். நிறுத்தங்களையும் சேர்த்து என் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் குறைத்துக் கணக்கிட்டால் ஒன்றேகால் மணி நேரம் இருட்டில் நடக்க வேண்டும்.

ஏரிக்கரையை அளப்பதில் சிக்கல் வளைவுகளில்தான் இருக்கிறது. அரைவட்டமாக உள்ளே போகும் ஒரு குடாவின் வாய் ஒரு கிலோமீட்டர் என்றால் அதன் ஓரமாகப் போகும் தூரம் 1.57 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் புள்ளி வைத்து நேராக இழுத்தால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் காணாமல் போய்விடும். சரி, தண்ணீரின் ஓரத்தையே பிடித்து அளக்கலாம் என்றால் அது எதிர்ப்பக்கம் தப்பும். பாதை ஒவ்வொரு சிறு மடிப்புக்குள்ளும் புகுந்து வருவதில்லை. அதனால் நேர்கோடும் வேண்டாம், கரைக்கோடும் வேண்டாம். பாதைக்கோட்டை மட்டுமே அளக்க வேண்டும்.

வரைபடத்தை 1:25,000 அளவில் பிரின்ட் எடுத்தேன். 4 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டர், மனக்கணக்குக்கு வசதி. தாள்களை ஒட்டி நூலை ஓடவிட்டேன். 120 செ.மீ., அதாவது 30 கிலோமீட்டர். அடுத்த நாள் வேறு எதற்கோ அதே தாளில் உள்ள அளவுக்கோட்டின் மேல் ஸ்கேலை வைத்தால், 4 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 3.76 தான் இருக்கிறது! பிரின்ட் எடுக்கும்போது தாளுக்குப் பொருத்தும் வசதி தானாகவே தேர்வாகி, படம் 94 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் அங்கேயே போயிற்று. நூறு சதவீதத்தில் மறுபடி எடுத்து அளந்ததில் 128 செ.மீ., 32 கிலோமீட்டர். கிழக்கே 15.4, மேற்கே 16.6. தாளில் அளக்கும் யாரும் முதலில் அளவுக்கோட்டைச் சரிபார்த்துவிடுங்கள்.

நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரணத் தையல் நூல் இழுத்தால் நீளும், வளைவில் வைத்தால் நகரும். தூண்டில் நரம்பு வளைத்தால் நிமிர்ந்துவிடும். தோல் தைக்கும் மெழுகு நூல்தான் அருமை. விரல் நுனியால் அழுத்தினால் தாளோடு ஒட்டி அப்படியே நிற்கும். உருட்டி அளக்கும் சிறு சக்கரம் ஒன்றையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். சாலைகளுக்கு நன்றாக இருக்கிறது, நெருக்கமான வளைவில் வழுக்குகிறது. தோல் வேலை செய்கிறவர்களுக்குப் பொருள் விற்கும் இடங்களில் மெழுகு நூல் கிடைக்கும். ஒரு சிறு கண்டு பல வருடம் வரும்.

சோதித்துப் பார்க்க அடி எண்ணினேன். டேப் பிடித்து அளந்த 100 மீட்டரில் எனக்கு 64 இரட்டை அடி. இளகிய சரளையில் 70 வரை போகிறது, அதனால் அந்தப் பகுதிகளுக்குத் தனிக் கணக்கு வைத்தேன். தோள்பட்டியில் எண்ணிக்கைக்காக மணி கோத்த கயிறு ஒன்று: கீழே ஒன்பது மணி, மேலே நான்கு. நூறு மீட்டர் முடிந்தால் கீழ் மணி ஒன்றை நகர்த்துவேன், கிலோமீட்டர் முடிந்தால் மேல் மணி ஒன்றை. பேச்சுத் துணை இருந்தால் எண்ணிக்கை தவறும், அதனால் தனியாகத்தான் போனேன்.

ஒன்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு ஓடை ஏரியில் கலக்கிறது. வரைபடத்தில் பாலம் ஓடையின் வாயிலேயே இருக்கிறது. நேரில் 250 மீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. போக 250, வர 250. அந்த அரைக் கிலோமீட்டர் இதுதான்! பாலத்தின் மேல் நின்று மணிகளைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லித் தீராது.

முழுச் சுற்று இப்போது 32.5 ஆகிவிட்டது, எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தெற்கு முனையில் விடியும்போது தொடங்கி இடஞ்சுழியாகப் போகிறேன். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. இப்படிப் போனால் சாய்ந்த வெயிலுக்கும் எனக்கும் நடுவில் ஏரி வராது; தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் இருக்காது. தரை சூடேறிய பிறகு காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியாது, ஆகவே மதியத்துக்குப் பிறகு கடிகாரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரை மூன்று லிட்டராகச் சுமந்தே போகப் போகிறேன். வடிகட்டி இருக்கிறது, ஆனால் வடக்கு ஓரத்தில் பச்சைப் பாசி படர்ந்திருப்பதைப் பார்த்தேன். நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது, சாதாரண வடிகட்டியிலும் நிற்காது.

கால் விஷயத்தில் பெரிய மாற்றம் இல்லை. சமதரையில் ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுவதால் ஒரே இடத்தில் உரசும். மேல் துளையில் லேஸை வளையமாக்கிக் குதிகாலை இறுக்கிக் கட்டினேன், கொப்புளம் வரவில்லை. பாதி வழியில் சாக்ஸ் மாற்ற வேண்டும்.

இந்த ஏரி முடிந்ததும் இதைவிடப் பெரிய ஒன்றை இரண்டு நாளில் சுற்றும் எண்ணம் இருக்கிறது, அதற்கான தாள்களைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் மேற்குக் கரையை அடி எண்ணிச் சோதிப்பது இன்னும் பாக்கி. அங்கே மூன்று ஓடைகள் ஏரியில் கலக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் இரண்டு பாலம் தெரிகிறது, மூன்றாவதை மரங்கள் மறைக்கின்றன. இந்த வார இறுதியில் அந்த ஓடைக்கு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.