ஹேட்ச்பேக் டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர்: ஒயரில் தொடங்கி ட்யூனிங் வரை

வண்டி சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக். 12 இன்ச் வூஃபர் ஒன்று, அதில் 4 ஓம் வாய்ஸ் காயில் இரண்டு. 2 ஓமில் 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி) தரும் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப். முன்னால் சப்வூஃபருக்குத் தனி அவுட் உள்ள ஹெட் யூனிட் (டேஷ்போர்டு ஸ்டீரியோ). கும்பகோணத்தில் ஒன்றரை நாளில் முடிந்த வேலை இது. அதில் முழுசாக ஒரு நாள் ஒயருக்கும் எர்த்துக்குமே போய்விட்டது.

ஆம்ப் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். ஆம்பில் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். "3000 வாட்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஃப்யூஸ் 30 ஆம்பியர் ஒன்றுதான் இருக்கும். 13.8 வோல்ட்டை 30-ஆல் பெருக்கி, கிளாஸ் டி (கரண்டை அதிகம் வீணாக்காத வகை) என்பதால் 80 சதவீதம் எடுத்தால் 330 வாட் சொச்சம். தொடர்ந்து அதற்கு மேல் வராது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 500 வாட்டுக்குச் சுமார் 45 ஆம்பியர் வேண்டும். ஆகவே 4 கேஜ் செம்பு ஒயர், 60 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ். 'கிட்' என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். கத்தியால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதே தடிமனில் அது செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். செம்புக் கிட் கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக்கல் கடையில் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கலாம். விலையும் அடங்கும், நன்றாக வளையவும் செய்யும்.

மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது காப்பாற்றுவது ஆம்பை அல்ல, ஒயரை. சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்கும் ஷெட்டுக்கும் குடிவருவது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானெட்டுக்குள் புகுந்து உறையைக் கடித்துவிட்டால் செம்பு பாடியில் உரசும். அந்த இடம் ஃப்யூஸுக்கு முன்னால் இருந்தால் தீ பிடிப்பதைத் தடுக்க எதுவுமே இல்லை. பானெட்டிலிருந்து உள்ளே போகும் துளையில் ரப்பர் குரோமெட், வழி முழுக்க நெளிவுக் குழாய். பவர் ஒயர் டிரைவர் பக்கம் போனால் ஆர்சிஏ கேபிள் (பாட்டு சிக்னல் கொண்டுபோவது) எதிர்ப் பக்கம்.

அடுத்தது எர்த், அதாவது ஆம்பின் நெகட்டிவை வண்டி பாடியில் சேர்க்கும் இணைப்பு. தகராறில் பாதி இங்கேதான். பின்சீட் போல்ட்டில் மாட்டிப் பார்த்தபோது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, பாட்டு ஓடும்போது, 0.6 வோல்ட் காட்டியது. 0.1-க்குள் இருக்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் பெயின்டும் சீலன்ட்டும் இருந்ததுதான் காரணம். டிக்கியின் தடித்த தகட்டில், அடியில் பெட்ரோல் டேங்க் இல்லை என்று குனிந்து பார்த்துவிட்டு, புதுத் துளை போட்டோம். பைசா அகலத்துக்கு உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்), ஸ்டார் வாஷர், நட். இப்போது 0.04. எர்த் ஒயர் அதே 4 கேஜ், நீளம் 40 செ.மீ. முறுக்கியபின் மேலே கிரீஸ் பூசியாக வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டியில் கிரீஸ் இல்லாத லக் சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊய்' சத்தம் கேட்டாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள், ஃபில்டர் வாங்க ஓடாதீர்கள்.

பெட்டி மூடிய வகை. உள்ளளவு 40 × 36 × 24 செ.மீ., அதாவது 34.5 லிட்டர்; வூஃபரின் உடம்பு கழித்தால் 31, 32 நிற்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) ஓரம் ஊதிவிடுகிறது. 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் ப்ளை போட்டு, உள்மூலைகளில் சிலிக்கான் அடித்தாயிற்று. காயில் இரண்டும் பேரலல், 2 ஓம்.

கெயின் வால்யூம் குமிழ் இல்லை. ஹெட் யூனிட்டின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் இடம் அது. வைத்த முறை: பேஸ், ட்ரெபிள், லவுட்னெஸ் எல்லாம் பூஜ்யம். பேஸ் பூஸ்ட் அணைத்து, லோ பாஸ் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) முழுக்கத் திறந்து, வூஃபர் ஒயரைக் கழற்றி, கெயினைக் குறைந்தபட்சத்தில் வைத்தோம். எஞ்சின் ஓட, யூஎஸ்பியிலிருந்து (புளூடூத் வேண்டாம்) 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபெல் டோன். வால்யூம் 40-க்கு 30. மல்டிமீட்டர் ஏசி வோல்ட்டில், ஆம்பின் ஸ்பீக்கர் முனையில். 500 வாட்டை 2 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 31.6 வோல்ட், அதுவரை மெதுவாகத் திருப்பி நிறுத்த வேண்டும். வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு மீட்டர்கூட இந்த டோனில் சரியாகக் காட்டும். ஆனால் அலையின் தலை வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மீட்டருக்குத் தெரியாது. 30-இல் ஹெட் யூனிட்டே கரகரத்தால் 27-க்கு இறங்கி மறுபடி அளக்க வேண்டும். வெட்டுப்பட்ட அலைதான் காயிலைக் கருக்குகிறது.

இனி காது வேலை. கதவு ஸ்பீக்கருக்கு ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோ பாஸ் 80. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஆம்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 மாற்றி, எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விட வேண்டும். நம்மூரில் இதைச் சோதிக்கத் தவிலைவிட நல்ல கருவி கிடையாது. வலந்தலையில் (வலப்பக்கம்) கூடு போட்ட விரல் விழுவதும் தொப்பியில் (இடப்பக்கம்) கழி விழுவதும் ஒரே ஆள் வாசிப்பதுபோல் டேஷ்போர்டிலிருந்து வர வேண்டும். முதலில் வலந்தலை முன்னால், தொப்பி டிக்கியில் என்று இரண்டு ஆளாகப் பிரிந்து கேட்டது. லோ பாஸை 70-க்கு இறக்கி, சப் லெவலை இரண்டு படி குறைத்ததும் ஒன்று சேர்ந்தது. நின்ற வண்டியில் பேஸ் அளவாக இருந்தால் ஓடும்போது டயர் சத்தம் அதை விழுங்கிவிடும். தஞ்சாவூர் சாலையில் 60-இல் ஓட்டிப் பார்த்து ஒரு படி ஏற்றினோம். ஏற்றியது ஹெட் யூனிட்டின் சப் லெவலில், கெயினைத் தொடவில்லை.

பேஸ் விழும்போது ஹெட்லைட் மங்கினால் கடையில் கப்பாசிட்டரைத் தலையில் கட்டுவார்கள். மங்குவதற்குக் காரணம் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருவது) கொடுப்பது போதாமல் போவது, அல்லது ஒயரிலேயே வோல்ட் குறைவது. முதலில் பேட்டரி-பாடி, எஞ்சின்-பாடி, ஆல்டர்னேட்டர்-பேட்டரி ஒயர் மூன்றையும் தடிப்பாக்கிப் பாருங்கள்.

ஒரு வாரம் ஓட்டியபின் எல்லா லக்கையும் மறுபடி முறுக்கியபோது பேட்டரி முனை அரைச்சுற்று ஏறியது. மிச்சமிருந்த கடகட சத்தம் வூஃபர் அல்ல, பின் நம்பர் பிளேட். பின்னால் ஃபோம் டேப் ஒட்டியதும் நின்றது.