ஃபெர்ரியில் எழுத முடியாத வீட்டுப்பாடம்

2017-இல் படிவம் 4-க்கு, அதாவது மலேசிய இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டுக்கு, பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவில் உள்ள ஒரு பள்ளிக்கு மாறினேன். பெயரெடுத்த பள்ளி, அதனால் பெயரைச் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது: இந்தப் பிள்ளைகளுக்கு இன்று இருக்கிற வேலையே நான் கொடுத்தது ஒன்றுதான். ஆறு பேர் அப்படி நம்பினால் இரவு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

காலை 5.45-க்கு வீட்டை விட்டு இறங்குவேன். ஃபெர்ரி, அப்புறம் ஜெட்டியில் பஸ், 7.30-க்குள் பள்ளி. திரும்பி வர மணி நாலு. புதன்கிழமை விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாட நடவடிக்கை இருந்தால் ஆறு. அதை விட்டுவிடவும் முடியாது, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 100-க்கு 10 புள்ளி அதற்குத்தான்.

பாதி வீட்டுப்பாடத்தை ஃபெர்ரியிலேயே எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எஞ்சின் நடுக்கத்தில் கையெழுத்து கோழி கிளறியது போல வந்தது. ஒரே வாரத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வீட்டில் எளிதாக முடிவதை முதலில் எடுப்பேன். வரலாற்றுக் குறிப்பு, வேதியியல் நோட்டு, தலைப்புக்கு ஒரு நிறப் பேனா. பக்கம் நிரம்ப நிரம்ப மனசுக்கு நிம்மதி. கூடுதல் கணிதத்துக்கு வரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். நாலு கணக்கோடு கண் சொக்கிவிடும். மீதியை வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துக் காலையில் எழுதிக் கொடுப்பேன். அரையாண்டுச் சோதனையில் கூடுதல் கணிதம் 'ஜி', அதாவது தோல்வி. படிவம் 4-இல் அதெல்லாம் சகஜம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சகஜம் என்றே விட்டுவிட்டேன்.

அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இரவு பெய்த மழையைப் பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு தரைத்தளம். விடிவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா அடையாள அட்டைகள் இருந்த டப்பாவை முதலில் எடுத்தார். என் புத்தகப்பை கட்டிலுக்கடியிலேயே கிடந்து ஊறியது. பிறகு நோட்டுகளை வேலியில் காயப்போட்டபோது வேதியியல் நோட்டில் மூன்று நிறமும் கலந்து ஒரே ஊதாவாக இருந்தது. சரி, திரும்ப எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் தலைப்புகளைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நானே முட்டி மோதிப் போட்ட இருபடிச் சமன்பாடுகள், அந்த நோட்டும் போன பிறகும், அப்படியே இருந்தன.

படிவம் 5 தொடங்கியதும் முதலில் ஒரு வாரம் நேரம் மட்டும் குறித்தேன். எந்தப் பாடத்துக்கு எத்தனை நிமிடம், அவ்வளவுதான். பிறகு வேலைகளை மூன்றாகப் பிரித்தேன்: தலை வேலை, கை வேலை, வாய் வேலை. கூடுதல் கணிதம், இயற்பியல் கணக்கு, மலாய்க் கட்டுரையின் கருத்துகளைத் திரட்டுவது தலை வேலை. குளித்துச் சாப்பிட்டதும் முதலில் அதுதான். குறிப்பு எடுப்பது, படம் வரைவது கை வேலை. தூக்கம் வந்த பிறகுகூட ஓடும். மனப்பாடம் வாய் வேலை, அதற்குத்தான் ஃபெர்ரி. 1946 மலாயன் யூனியன், 1948 மலாயாக் கூட்டரசு, 1957 சுதந்திரம் என்று முணுமுணுத்தபடியே கரை வந்துவிடும். வரலாற்றில் தேறாவிட்டால், படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பது 2013-லிருந்து உள்ள விதி. அதனால் அந்த இருபது நிமிடத்தை அலட்சியமாக விட்டதில்லை.

நேரம் குறித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வேதியியல் பரிசோதனை அறிக்கைக்கு எனக்கு 50 நிமிடம் போனது. பரிசோதனை புரியாமல் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள் நான். இடைநிலைப்பள்ளியில் பாடம் மலாயில். அமிலமும் காரமும் அசிட், அல்காலி ஆனது படிவம் 1-லேயே பழகிவிட்டது. சொல் தெரியும், வாக்கியம்தான் வராது. 'வெப்பநிலை கூடக் கூட வினையின் வேகமும் கூடும்' என்று நமக்குத் தானாக வருவதை மலாயில் 'செமாக்கின் திங்கி சூஹு, செமாக்கின் திங்கி காடார் திண்டாக் பாலாஸ்' என்று கட்ட வேண்டும். இப்படி எட்டு வாக்கிய அச்சுகளை ஓர் அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினேன். இரண்டு மாதத்தில் அறிக்கை 20 நிமிடத்தில் முடிந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை வீட்டுப்பாடத்தில் மூழ்கினால், பாடம் கடினமா, மொழியில் மாட்டிக்கொண்டதா என்று முதலில் பாருங்கள். டியூஷன் பிறகு. டியூஷனிலும் வீட்டுப்பாடம் உண்டு என்பதைச் சேர்க்கிற பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். நான் மூன்றில் இரண்டை நிறுத்தினேன்.

ஆசிரியரிடம் பேசவும் செய்யலாம், ஆனால் நோட்டைக் கேட்கும் நாளுக்கு முன்பே. நான் நிமிடக் கணக்குத் தாளோடு கணித ஆசிரியரிடம் போய், "டீச்சர், இருபதில் பத்தைச் செய்து, எங்கே தடுமாறினேன் என்று குறித்துக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டேன். சம்மதித்தார். இன்னோர் ஆசிரியர் தாளைப் பார்க்கவே இல்லை. அவருக்கு முழுதாக எழுதித்தான் கொடுத்தேன், கை வேலை நேரத்தில்.

சுமை குறையத் தமிழை விட்டுவிடு என்று பலர் சொன்னார்கள். எங்கள் பள்ளி அட்டவணையில் தமிழ் இல்லை, சனிக்கிழமை காலையில்தான் வகுப்பு. எனக்கு வாரத்திலேயே மூளை இளைப்பாறிய இரண்டு மணி நேரம் அதுதான். தவிர, மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு 1816-இல் இதே தீவில்தான் நடந்தது. இங்கே வந்து படித்துக்கொண்டு அதை விட எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

2019 மார்ச்சில் முடிவு வந்தது. கூடுதல் கணிதம் பி+, வேதியியல் ஏ-. பெரிய சாதனை ஒன்றும் இல்லை, ஆனால் 'ஜி'யிலிருந்து வந்தது.

இப்போது அக்கா மகன் படிவம் 4. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் படிவம் 3 தேர்வான பி.டி.3 2022-இலும் எடுக்கப்பட்டதால், அவன் எழுதப்போகும் முதல் அரசுத் தேர்வே எஸ்.பி.எம்.தான். மூன்று வேலைக் கணக்கை அவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவன் போவது பாலம் வழியாக, வேனில். வேனில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டுகிறதாம். அதனால் வாய் வேலையைச் சீருடை அயர்ன் பண்ணும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டான். மலாயன் யூனியனில் ஒரு காலர் தீய்ந்துவிட்டது என்று அக்கா என்னைத்தான் திட்டுகிறார்.