மூன்று கண் துப்பாக்கி

பெய்ஜிங்கில் இன்று ஒரு அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மூன்று ஓட்டைகள் என்னையே பார்த்தன.

சீனாவை மிங் அரச வம்சம் ஆண்ட காலத்து 'சான்யான்சோங்'. மூன்று கண் துப்பாக்கி என்று பொருள்.

ஒட்டிப் பிறந்தாற்போல் மூன்று இரும்புக் குழல்கள். பின்னால் மரப்பிடி. எதிரியைச் சுட்டதும் இதுதான், வெடிச் சத்தத்தால் சேதி சொன்னதும் இதுதான். வெடிமருந்து தீர்ந்தால் தடியாகச் சுழற்றி அடிப்பார்கள்.

தீ வைக்கும் அந்தத் திரித்துளையிலேயே என் கண் நின்றுவிட்டது. கடுகளவு. சுற்றிலும் துரு.

பெருஞ்சுவர்க் காவல் கோபுரங்களுக்கு 1466இல் ஒரு விதி வந்தது. எதிரிகள் 100 பேர் வரை என்றால் ஒரு புகை, ஒரு வெடி. 500 என்றால் இரண்டு. 1,000 தாண்டினால் மூன்று. 5,000க்கு நான்கு. 10,000க்கு ஐந்து.

அடுத்த கோபுரத்தில் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருப்பான்.

இரண்டோடு நின்றுவிடாதா என்று.