கழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், கையையும் பாருங்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும், ஐம்பதைத் தாண்டிய ஒருவராவது கழுத்து எக்ஸ்ரேயை எடுத்து நீட்டுவார். "எலும்பு தேஞ்சு போச்சாம்ப்பா" என்று சொல்லும்போதே முகம் செத்துப் போயிருக்கும். அறுபது வயதில் யார் கழுத்தைப் படம் எடுத்தாலும் அநேகமாகத் தேய்மானம் தெரியத்தான் செய்யும், ஒரு நாள்கூட கழுத்து வலிக்காதவர்களுக்கும் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு.

கழுத்தில் 7 எலும்புகள். மேலே உட்கார்ந்திருக்கும் தலை 4.5, 5 கிலோ இருக்கும். மேலே உள்ள இரண்டு எலும்புகளைத் தவிர மற்றவற்றுக்கு நடுவில் ஜவ்வுத் தட்டு உண்டு. வயதாக ஆக அந்தத் தட்டில் உள்ள நீர் வற்றி உயரம் குறைகிறது, பாரம் பின்னால் உள்ள சின்ன மூட்டுகள் மேல் இறங்குகிறது, அவை தேய்ந்து ஓரங்களில் எலும்பு துருத்திக்கொண்டு வளர்கிறது. 5, 6, 7ஆவது எலும்புகளுக்கு இடையில்தான் இது அதிகம். சிலருக்கு இதோடு நிற்காமல், ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் முன்னும் பின்னுமாக நழுவத் தொடங்கும். நேராக நின்று எடுத்த படத்தில் அது தெரியாமலே போகலாம், குனிந்து ஒன்று நிமிர்ந்து ஒன்று எடுத்தால்தான் பிடிபடும். நழுவல் 3.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கழுத்து உறுதியாக இல்லை என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள்.

நம் கரையில் கழுத்துக்கு ஓய்வு எங்கே இருக்கிறது? சும்மாடு வைத்து, ஐஸ் தண்ணீர் முதுகில் வழிய வழிய அன்னக்கூடை சுமக்கும் பெண்கள், சின்னப்பாலத்தில் பாசி எடுக்க முங்கி முங்கி எழுபவர்கள், பொழுதுக்கும் தலையைக் கவிழ்த்து வலை பொத்தும் ஆண்கள்.

என் அப்பா வலை வேலைக்காரர். அவருக்குக் கழுத்தில் பெரிய வலியே இல்லை. கிழிந்த கண்ணியை விரலில் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு இழுத்து முடிச்சை இறுக்குவார், அந்த முடிச்சு நிற்காமல் வழுக்கியது. ஊசி கையிலிருந்து நழுவி மணலில் விழும், எடுப்பார், மறுபடி விழும். சட்டைப் பித்தானைப் போட அம்மாவைக் கூப்பிட்டார். நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் நாலடி போய்விடுவார். "வயசாயிருச்சுல்ல" என்றுதான் அவர் சொன்னார். மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, துருத்திய, நழுவிய கழுத்து எலும்புகளுக்கு நடுவே மாட்டி, மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் நரம்புக் கற்றையான தண்டுவடம் நசுங்கியிருந்தது தெரிந்தது. தண்டுவடம் நசுங்குவதற்கு வலி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை! கை தடுமாறுவது, கால் தள்ளாடுவது, குனிந்தால் முதுகு வழியே கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று ஓடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆபரேஷன் முக்கியமாக இன்னும் மோசமாகாமல் தடுக்கத்தான், போன பலம் முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், அப்படித்தான் ஆனது. அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா இப்போது வலையை மடியில் போடுவதில்லை, திண்ணைத் தூணில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டுப் பொத்துகிறார்.

அப்புறம் இந்தச் சுளுக்கு எடுக்கிறது. தாடையைப் பிடித்து மடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பதை தயவுசெய்து யாரும் செய்துகொள்ளாதீர்கள். அரிதாக நடந்தாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது. என் பெரியம்மா மாதிரி முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு நோய், பக்கவாதம் இல்லை) உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. நாம் தலையைத் திருப்புவதில் கிட்டத்தட்ட பாதி அசைவு மேலே உள்ள அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநாரை முடக்குவாதம் தளர்த்திவிடும், அந்தக் கழுத்தைத் திருப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேல் முதுகு அவ்வளவு சுலபமாக நழுவாது, விலா எலும்புகள் கட்டிப் பிடித்திருக்கின்றன. அங்கே வருவது மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வலுவிழந்து, முள்ளெலும்பு அமுங்கிக் கூன் விழுவது. கூன் விழுந்தால் தலை முன்னுக்கு வந்து, அந்தப் பாரமும் கழுத்து மேல்தான். கழுத்தில் மாட்டும் காலர் பட்டையை டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள், மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டே இருந்தால் கழுத்துத் தசை பலம் இழந்துவிடும்.

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. வேறு எதற்காக ஆபரேஷன் என்றாலும், முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால் கழுத்து விஷயத்தை மயக்க டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொண்டையில் குழாய் விடும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்கள், தெரிந்திருந்தால் அதற்கு ஏற்ற மாதிரி பார்த்துச் செய்வார்கள்.