50 பைசா கார்டும் தும்பிக்கை லையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலிகிராஃபியில், அதாவது அழகெழுத்தில், பதினோரு போஸ்ட் கார்டு எழுதினேன். நாலு குப்பைக்குப் போனது, ஏழு தபால்பெட்டிக்குப் போனது. கார்டு இன்னும் 50 பைசாதான் என்பதால் மனசு பதறவில்லை, சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பொறுக்கி வாங்கி வந்த தாளில் இப்படிச் சொதப்பியிருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

காலிகிராஃபியை நானும் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். பைலட் பேரலல் பேனா, 3.8 மில்லிமீட்டர் பட்டை நிப், 45 டிகிரி சாய்வு, சின்ன எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப் போல ஐந்து மடங்கு. இட்டாலிக் எழுத்துக்கு இதுதான் பாலபாடம். ஓரளவு கை வந்ததும் அதே கணக்கோடு தமிழுக்கு வந்தேன், சறுக்கினேன். மூணு சுழி ண எழுதினால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு நசுங்கிய ஜாங்கிரி மாதிரி கிடக்கிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கீறி வந்த எழுத்து நம்முடையது, கீறலில் தடிப்பு ஏது, மெலிவு ஏது? கடைசியில் 1.5 நிப்புக்கு இறங்கி, சாய்வை 30 டிகிரிக்குக் குறைத்து, ண-வை மட்டும் கொஞ்சம் அகட்டி எழுதிய பிறகுதான் சுழிக்குள் வெள்ளை தெரிந்தது.

நடுவில் ஒரு கூத்து. மழையில் முகவரி கரையக் கூடாதே என்று இந்தியன் இங்கை அந்தப் பேனாவுக்குள் ஊற்றிவிட்டேன். அதில் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்தால் உள்ளே கல். தொட்டு எழுதும் நிப்புக்கு மட்டும்தான் அது சரி. இப்போது முகவரிக்கு மட்டும் பால்பாயிண்ட். மே மாத வேர்வைக்குக் கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள்.

அப்புறம்தான் பாட்டியின் பழைய இன்லண்ட் கடிதக் கட்டு கையில் கிடைத்தது. அதில் லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கையோடு நிற்கின்றன, அதாவது முன்னால் தனியாக ை நிற்காமல், எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய வடிவம். பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் விட்டுவிட்ட வடிவம், அந்த மாற்றம் தமிழக அரசு ஆணையாக வந்தது 1978-ல். அச்சுக்கோப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டை நிப் கையில் இருக்கும்போது அந்தத் தும்பிக்கையை விட மனசு வருவதில்லை. மெல்லிசாக மேலே ஏறி, வளைவில் தடித்து, அப்படியே ல-வுக்குள் இறங்கும்போது பேனா தானே ஓடுகிறது. பாட்டி சாதாரண மைப் பேனாவில், அதுவும் கணக்கு நோட்டைத் தொடையில் வைத்து எழுதியவள். வளைவு ஒன்றுகூடக் கோணவில்லை. நான் எழுதிய முதல் நாற்பது ஐம்பது லை அவள் கண்ணில் படாமல் போனது நல்லதுதான்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று வரும், அவ்வளவுதான். அதனால் கார்டாகவே அனுப்புகிறேன். முதல் கார்டு கும்பகோணத்தில் பெரியம்மாவுக்கு: "மல்லிகை மாலை, வெற்றிலை, வாழையிலை" என்று வேண்டுமென்றே லையாகத் தேடிப் பிடித்து எழுதியது. எட்டாம் நாள் பதில் கார்டு வந்தது. நுணுக்கி நுணுக்கி, ஓரத்தில்கூட இடம் விடாமல், எல்லா லையும் தும்பிக்கையோடு. முதல் வரியே இதுதான்: "ஏன்டா, அம்பது பைசா கார்டுல அஞ்சே வரி எழுதி இடத்தையெல்லாம் வீணாக்கியிருக்கே?"