காசுக்கும் வியர்க்கும்: நீலகிரியில் பழங்காசு தேடுவோருக்கு

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்ந்து கிடந்த காசு ஆல்பத்தைத் துணிகளுக்கு நடுவே செருகி மலையிறங்கி, மேட்டுப்பாளையம் வெக்கையில் சட்டென்று திறந்தால் காசெல்லாம் வியர்க்கும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிவதுதான் காரணம். வெள்ளி தாங்கிக்கொள்ளும். செம்புக் காலணாவில் களிம்பு பிடிக்க அந்த ஈரம் போதும். அதனால் மேலே இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டு, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் வைத்து மூடிவிடுங்கள். கீழே வந்து ஒரு மணி நேரமாவது பிரிக்காதீர்கள். பொட்டலத்திலுள்ள நீல மணிகள் ஈரமேறி இளஞ்சிவப்பாக மாறிவிட்டால், சமையலுக்குப் புழங்காத வாணலியில் சிறு தீயில் வறுக்க, நீலம் திரும்பிவிடும்.

கையில் இருக்க வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் தராசு, அதைச் சரிபார்க்க 50 கிராம் எடைக்கல், பத்து மடங்கு லென்ஸ், காந்தம். குளிரில் தராசு தடுமாறும். கால் மணி நேரம் அறையில் வைத்துவிட்டு நிறுங்கள்.

விக்டோரியா வெள்ளி ரூபாய் 11.66 கிராம். கொஞ்சம் தேய்ந்திருந்தால் பரவாயில்லை. பத்து கிராம் காட்டினால் போலி. 1862 என்று பொறித்ததெல்லாம் அந்த ஆண்டில் அடித்ததல்ல, பல ஆண்டுகள் அதே தேதியோடு வந்தன. 1940-45 ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே எடைதான், ஆனால் வெள்ளி பாதியே. அங்கே தராசு உதவாது, ஆண்டைப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டினால் போலி என்று கடைக்காரர் சொல்வார். 1947-இன் புலி ரூபாய் நிக்கல், ஒட்டத்தான் செய்யும். காசுமாலையிலிருந்து கழற்றியதா என்று விளிம்பில் பற்றுவைத்த தழும்பைத் தேடுங்கள். இருந்தால் விலை விழும்.

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் கிடைப்பது வேறு சரக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களோடு சிலோன் சதங்களும் வந்தன. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், பூவிதழ் விளிம்புள்ள இரண்டு சதம் இரண்டும் ஒரே பார்வையில் பிடிபடும். விலை பெரிதில்லை. எங்களுக்கு அவைதான் இந்த மலையின் காசு.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் சுற்றுவட்டாரத்தில் பதக்கப் பேச்சு அதிகம். 1939-45 போர்ப் பதக்கம் பளபளக்கும், வெள்ளி என்பார்கள். கனடா வழங்கியதுதான் வெள்ளி, மற்றவை செம்பும் நிக்கலும் கலந்தவை. விட்டம் 36 மில்லிமீட்டர். இந்தியப் படைக்கு வழங்கிய பலவற்றின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். பிரிட்டனில் கொடுத்தவை பெயரில்லாமலே வந்தன. விளிம்பு ராவியதுபோல் தெரிந்தால் பெயரை அழித்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். குடும்பத்தார் கையில் இருப்பதை விலை பேசாமல் படமெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பதே முறை.

காசைத் துலக்கப் புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். ஒருமுறை தேய்த்தால் மேற்பரப்பு திரும்பாது. மண் இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுத்து உலர்த்துங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையால் பச்சைப் பிசுக்கு வந்திருந்தால், சுத்தமான அசிட்டோனில் இரண்டு நிமிடம் முக்கலாம், ஜன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும், அது ஆகாது. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

வெளிநாட்டு நண்பரோடு மாற்றிக்கொள்வதானால் 1972 தொல்பொருள் சட்டத்தை நினைவில் வையுங்கள்: நூறாண்டைத் தாண்டிய காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. படம் அனுப்பலாம். முன், பின், விளிம்பு மூன்றையும் அளவுகோலோடு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். குன்னூரில் காலை எட்டு மணிப் பனிமூட்டம் ஜன்னலில் கவிந்திருக்கும்போது எடுத்தால் எழுத்தின் மேடுபள்ளம் அத்தனையும் மினுக்கில்லாமல் விழும்.