தாவூஸ் பேசுற இடத்துல மட்டும் பென்சில் கோடு: ஈராக் நாவல்களோட ஏழு மாசம்

ஈராக் நாவல்கள்ல ஓரத்துல நிக்கிற பொம்பளைங்க பேச்சைத் தேடிப் படிக்கிற இந்த வேலை ஆரம்பிச்சது, ஈராக் எழுத்தாளர் இனாம் கச்சாச்சியோட 'அமெரிக்கப் பேத்தி' படிச்சு முடிச்ச ராத்திரி. கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஸெய்னா ஈராக்ல பிறந்து அமெரிக்கால செட்டில் ஆனவ, 2003 படையெடுப்பு சமயத்துல அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளரா வருஷம் 97,000 டாலர் சம்பளத்துக்கு பாக்தாத் திரும்பி வரா, அங்க பாட்டி ரஹ்மா தனியா இருக்காங்க, தாத்தா பழைய ஈராக் ராணுவத்துல கர்னல், அப்படிப்பட்ட வீட்டுப் பேத்தி அந்த யூனிஃபார்ம்ல வந்தா பாட்டி மனசு என்ன பாடுபடும். நாவல் 2008ல வந்தது, அடுத்த வருஷம் அரபு நாவலுக்கான சர்வதேச விருதோட இறுதிப் பட்டியல்லயும் இருந்துச்சு.

ஆனா புக்கை மூடினப்புறம் என் கண்ணு முன்னாடி நின்னது பேத்தியும் இல்ல பாட்டியும் இல்ல. அந்த வீட்ல காலங்காலமா வேலை செஞ்ச தாவூஸ். தாவூஸ்னா அரபியில மயில். பாக்தாத்தோட ஏழைங்க பகுதியான சத்ர் நகர்ல இருந்து வர்ற ஏழை ஷியா பொம்பளை, ஸெய்னா குழந்தையா இருந்தப்ப பால் குடுத்தவ. அவ மகன் முஹைமின், அமெரிக்காவை எதிர்த்த ஷியா ஆயுதக் குழுவான மஹ்தி படைல இருக்கான். யோசிச்சுப் பாருங்க, ஒரே தாய்ப்பால் குடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தி அமெரிக்க ராணுவத்துல, ஒருத்தன் அவங்களை எதிர்த்துச் சண்டை போடுற படைல. இவ்வளவு பெரிய பாரத்தை நெஞ்சுல சுமக்கிறவ என்ன நினைச்சான்னு தேடினா எனக்குப் பதில் கிடைக்கல, ஏன்னா அவ பேசுறது எல்லாமே ஸெய்னா காது வழியா வடிகட்டித்தான் நமக்கு வருது.

சரி, ஈராக் நாவல்கள்ல இந்த மாதிரி ஓரத்துல நிக்கிற பொம்பளைங்க பேச்சை மட்டும் தேடித் தேடிப் படிப்போம்னு முடிவு பண்ணேன். முதல்ல எக்செல்ல ஒரு ஷீட் போட்டு விதவை, வேலைக்காரி, அகதி, நோயாளின்னு காலம் பிரிச்சு நிரப்பிட்டு வந்தேன். ஆறு வாரம் ஓடுச்சு. ஒரு நாள் திறந்து பார்த்தா ஒரு மனுஷி கூட அதுல இல்ல, வெறும் லேபிள்தான் இருக்கு, அன்னிக்கே டெலீட் பண்ணிட்டேன். அப்புறம் கண்டுபிடிச்ச வழி இதுதான்: ஒரு நாவலை ரெண்டு தடவை படிக்கணும், முதல் தடவை கதைக்காக, ரெண்டாவது தடவை ஒரே ஒரு பொம்பளைக்காக. அவ வாயைத் திறக்கிற இடத்துல கோடு, அவளைப் பத்தி வேற யாராவது பேசுனா புள்ளி. அவ்வளவுதான். தாவூஸுக்கு வந்தது பெரும்பாலும் புள்ளிதான்.

இந்த வேலைல அதிக நாள் பிடிச்சது அலியா மம்தூஹோட 'ஹப்பாத் அல்-நஃப்தலீன்', நம்ம பேச்சுல பாச்சை உருண்டை. 1986ல வந்த நாவல். 1940கள், 50கள்ல பாக்தாத்தோட அதமியா பகுதி, ஹுதாங்கிற ஒன்பது வயசுப் பொண்ணு. அப்பா கர்பலா ஜெயில்ல போலீஸ் அதிகாரி, அம்மா இக்பால் சிரியாக்காரங்க, காசநோய் வந்தவங்க, அவங்களை வீட்டை விட்டே அனுப்பிடறாங்க. மிச்சம் இருக்கிறது பாட்டி, அத்தை, பெண்கள் ஹம்மாம் (பொதுக் குளியல் வீடு), தெரு. அந்த ஹம்மாம் பக்கங்களை நான் நாலு தடவையாவது படிச்சிருப்பேன், வெந்நீர் ஆவில பொம்பளைங்க உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே வீட்ல பேச முடியாததை எல்லாம் பேசித் தீர்க்கிறாங்க, ஆம்பளை நுழைய முடியாத ஒரே இடம் அதுதானே.

ஹுதா கதை சொல்ற விதம் இன்னும் விசேஷம். 'நான்'னு சொல்லிட்டே இருப்பா, திடீர்னு தன்னையே 'நீ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சிடுவா, அப்புறம் 'அவ' ஆயிடுவா. தோஹால வேலை பார்த்தப்ப கொஞ்சம் அரபி கத்துக்கிட்டதால மூலத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதிப் பார்த்தேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். அரபியில 'நீ ஓடினே'ன்னு சொன்னாலே கேக்கிறது ஆணா பொண்ணான்னு வினைச்சொல்லுலயே தெரிஞ்சிடும், தமிழ்ல 'நீ ஓடினே'ங்கிறது யாருக்கும் பொருந்தும். 'ஓடினேடி'ன்னு எழுதிப் பார்த்தேன். பொண்ணு வந்துட்டா, ஆனா கூடவே ஒரு அதட்டலும் வந்துடுச்சு. சில வரில அந்த அதட்டல் சரியா உக்காந்துச்சு, அந்த வீட்ல ஹுதா கேட்டு வளர்ற குரலும் அதட்டல்தான். அழுகைக்குப் பக்கத்துல இருக்கிற வரிகள்ல மட்டும் 'டி'யை எடுத்துட்டேன். ஒண்ணு மட்டும் தமிழ்ல சுலபம், இங்கிலீஷ்ல வெறும் 'ஆன்ட்டி'யா நிக்கிற ஃபரீதா அரபியில 'அம்மா' (நம்ம தாய் அம்மா இல்ல), அதாவது அப்பாவோட அக்கா தங்கச்சி, நமக்கு அத்தைன்னு ஒரே சொல்லுல முடிஞ்சிடுது.

பதூல் குதைரியோட 'காயிப்'ல எனக்கு ரொம்ப வலிச்சது ஒரு பேரு. தடைக்காலத்து பாக்தாத், அதாவது 1990ல ஐநா தடை விதிச்சதுக்கு அப்புறம் சாமான் கிடைக்காம, மருந்து கிடைக்காம சனங்க திணறுன வருஷங்கள், ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஈராக்ல பெரியவங்களை மூத்த பிள்ளை பேரைச் சேர்த்து அபு இன்னார், உம்மு இன்னார்னுதான், அதாவது இன்னாரோட அப்பா, இன்னாரோட அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. பிள்ளையே இல்லாதவரை? அபு காயிப். காயிப்னா இங்க இல்லாதவன், வராதவன். கதை சொல்ற பொண்ணு தலாலை வளர்த்த அந்தத் தம்பதிக்குப் பிள்ளை இல்ல, அதனால ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் இல்லாத பிள்ளையைச் சேர்த்துத்தான் கூப்பிடறாங்க. அதே கட்டடத்துல உம்மு மாஸின், காபி கசடைப் பார்த்துக் குறி சொல்ற பொம்பளை. முதல் தடவை படிச்சப்ப அவங்களைச் சும்மா கடந்து போயிட்டேன். பென்சிலோட திரும்பிப் படிச்சப்பதான் புரிஞ்சது, டாக்டர்கிட்ட போக வழியில்லாத, புருஷன்கிட்ட சொல்ல முடியாத சங்கதியெல்லாம் வந்து சேர்ற இடம் அவங்க வீட்டு வாசல்தான்.

கச்சாச்சியோட 'தஷாரி'க்கு இன்னும் தமிழ்த் தலைப்பு முடிவாகல. வேட்டைத் துப்பாக்கில சுட்டா நாலா பக்கமும் தெறிக்குமே, அதுக்கு ஈராக் பேச்சு வழக்குச் சொல் அது. ஈராக்கோட திவானியா ஊர்ல பிரசவம் பார்த்த டாக்டர் வர்தியா வயசான காலத்துல பிரான்ஸ்ல அகதி, பிள்ளைங்க ஆளுக்கொரு நாடு. 'சிதறல்'னு போட்டா கவிதைத் தொகுப்பு மாதிரி இருக்கு, துப்பாக்கி காணாமப் போயிடுது. இப்போதைக்கு நோட்டுல 'ரவை தெறிச்ச மாதிரி'ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

ஆம்பளைங்க எழுதினதுல அஹ்மத் ஸஅதாவி நாவல்ல வர்ற எலிஷ்வா பாட்டியை மட்டும் சேர்த்தேன், ஈரான் சண்டைக்குப் போன மகன் வருவான்னு இருபது வருஷமா காத்திருக்கிறவங்க, அவங்களை விட மனசு வரல.

துன்யா மிகாயில் கிட்ட வந்தப்பதான் வேகம் குறைஞ்சது. 2014 ஆகஸ்ட்ல வடக்கு ஈராக்கோட சிஞ்சார்ல ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு கடத்திட்டுப் போய் சந்தையில வித்த யஸீதிங்கிற சிறுபான்மை மதத்துப் பெண்கள் பத்தி முதல்ல அவங்க எழுதினது நாவல் இல்ல, தப்பி வந்தவங்க சொன்னது. தேனீ வளர்த்துட்டு இருந்த அப்துல்லாங்கிறவர் பெண்களை மீட்க ஆரம்பிச்சு, அவங்க கதையை போன்ல சொல்லிச் சொல்லி, குர்து மொழில இருந்து அரபிக்கு மாத்திக் குடுத்தார். அப்புறம்தான் 'வஷ்ம் அத்-தாயிர்', அதாவது பறவைப் பச்சைங்கிற நாவல், ஹெலின்ங்கிற யஸீதி பெண்ணோட கதை. இதுல ரெண்டு பக்கத்துக்கு மேல ஒரே உட்கார்ல என்னால படிக்க முடியல. பென்சிலையும் எடுக்கல, அந்தப் பக்கங்கள்ல கோடு போடக் கை வரல.

நகரத்துல படிச்ச, பாதிப்பேர் நாட்டை விட்டே போன எழுத்தாளர்கள் வழியாத்தான் இந்தப் பொம்பளைங்க நம்மகிட்ட வராங்க, அது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. கச்சாச்சிக்கும் அது தெரிஞ்சிருக்கு, இல்லன்னா ஸெய்னா தன் கதையை எழுதுற எழுத்தாளர் கூடவே, என் பாட்டியை உன் இஷ்டத்துக்கு வளைக்காதேன்னு சண்டை போடுற மாதிரி எழுதியிருக்க மாட்டாங்க. தாவூஸுக்கு அந்தச் சண்டை போடக்கூட இடம் கிடைக்கல.

அதனால போன வாரத்துல இருந்து எனக்காக மட்டும் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன், தாவூஸ் 'நான்'னு ஆரம்பிச்சுப் பேசுற ஒரு பக்கம். பால் குடுத்த நாள்ல இருந்து தொடங்கினேன். பதினோரு வரி வந்திருக்கு. ஸெய்னா திரும்பி வந்துட்டான்னு அவ காதுல விழுற இடத்துல நிக்குது, அவ முதல்ல யாரை நினைச்சிருப்பா, மகனையா, பால் குடிச்சவளையா? நாளைக்கு அந்த அத்தியாயத்தை மூணாவது தடவை எடுக்கப் போறேன்.